கல் இல்லாத ஊரில் கல்லறைகள்

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் கடலோரமாக இருக்கும் சார்ல்ஸ்டன் நகரில் மண்ணைத் தோண்டினால் மணல் வரும், சேறு வரும், சிப்பி ஓடு வரும். கல் வராது. 1670இல் ஆற்றுக்கு அக்கரையில் வந்திறங்கி, 1680இல் இப்போதைய இடத்துக்கு மாறிய ஆங்கிலேயக் குடியேறிகள் செங்கல் சுட்டு வீடு கட்டிக்கொண்டார்கள். சரி, இறந்தவர் தலைமாட்டில் எதை நடுவது? பெரும்பாலோர் மரப்பலகையைத்தான் நட்டார்கள். கடற்காற்றும் புயலும் கறையானும் உள்ள ஊரில் மரம் எத்தனை வருஷம் தாங்கும்? அதனால் கையில் காசு இருந்தவர்கள், வடக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் தொலைவில் உள்ள பாஸ்டனிலும் நியூபோர்ட்டிலும் சிற்பிகளிடம் சிலேட்டுக் கல்லில் பெயரைச் செதுக்கச் சொல்லி, கப்பலில் வரவழைத்தார்கள்.

சார்ல்ஸ்டனின் தேவாலயக் கல்லறைத் தோட்டங்களைப் பற்றிப் பேசும்போது இந்தக் கல் விஷயத்தை நான் முதலில் சொல்லிவிட விரும்புகிறேன். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டவர்கள், தளபதிகள், ஆளுநர்கள் என்று ஒரு நாட்டின் பிறப்போடு சேர்ந்த பெயர்கள் பல இங்கே பத்து நிமிஷ நடைக்குள் கிடைக்கின்றன. 1930இல் இந்தத் தோட்டங்களில் சிலவற்றை இணைத்து ஒரு நடைபாதையே போட்டார்கள். ஆனால் அந்தக் காலத்தில் இந்த ஊரில் வாழ்ந்து செத்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இங்கே ஒரு கல் கூடக் கிடையாது. கல் உள்ளவர்களின் கதையைச் சரியாகப் புரிந்துகொள்ள, கல் இல்லாதவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தாக வேண்டும்.

மீட்டிங் தெருவில் இருக்கும் வட்டத் தேவாலயத்திலிருந்து தொடங்கலாம். ஆங்கிலத் திருச்சபையில் சேர விரும்பாத ஆங்கிலேயர், ஸ்காட்லாந்துக்காரர், பிரான்சிலிருந்து துரத்தப்பட்ட ஹியூகனாட் புராட்டஸ்டன்டுகள் ஆகியோர் 1681இல் கூடிய சபை இது. அவர்கள் கூடிய வெள்ளைக் கட்டடத்தால்தான் தெருவுக்கே மீட்டிங் தெரு என்று பெயர் வந்தது. ஊரின் மிகப் பழைய கல்லறைத் தோட்டமும் இதுதான். இங்குள்ள மிகப் பழைய நினைவுச்சின்னம் 1695ஐச் சேர்ந்தது.

இங்குள்ள சிலேட்டுக் கற்களை உற்றுப் பார்த்தால், சாவைப் பற்றிய எண்ணம் ஒரு நூற்றாண்டில் எப்படி மாறியது என்பதே தெரியும். பழைய கற்களின் தலைப்பில் இறக்கை முளைத்த மண்டையோடு, பல்லை இளித்துக்கொண்டு இருக்கும். நீயும் ஒரு நாள் இப்படித்தான் என்று நேராகச் சொல்லும் கல் அது. கொஞ்சம் பிந்தையவற்றில் மண்டையோட்டின் கன்னத்தில் சதை ஏறி, அது இறக்கையுள்ள குழந்தை முகமாகிறது. வேறு சில கற்களில் இறந்தவரின் உருவத்தையே வடிக்கப் பார்த்திருக்கிறார்கள்: சுருள் பொய்முடி வைத்த ஆண், கழுத்தில் துணி சுற்றிய பெண். பாஸ்டன் சிற்பி அந்த மனிதரைப் பார்த்தே இருக்க மாட்டார். கடிதத்தில் எழுதி அனுப்பியதை வைத்து ஒரு முகம். சிலேட் மெல்லிய அடுக்குகளாலான கல். ஆனால் உளி விழுந்த கோடு முன்னூறு வருஷ மழையிலும் மழுங்காமல் நிற்கிறது. பின்னால் வந்த சலவைக்கல் பலகைகளில் எழுத்து கரைந்துபோக, அதற்கு நூறு வருஷம் முந்தைய சிலேட்டில் பெயரை இன்றும் படிக்கலாம்.

இந்தத் தோட்டத்தில் கிடக்கும் முக்கியமான மனிதர் டேவிட் ராம்சே. மருத்துவர். பிரிட்டனுக்கு எதிரான விடுதலைப் போரின்போது ராணுவ அறுவை மருத்துவராக வேலை பார்த்தார், பிரிட்டிஷாரிடம் சிறைப்பட்டார். அப்புறம் அமெரிக்கப் புரட்சியின் வரலாற்றை எழுதி 1789இல் வெளியிட்டார். அதில் பங்கெடுத்த ஒருவரே எழுதிய முதல் பெரிய வரலாறுகளில் அது ஒன்று. அவர் சாவு கொடுமையானது. ஒரு தையல்காரரின் மனநிலையைச் சோதித்துச் சொல்லும்படி நீதிமன்றம் கேட்க, அவரை வெளியே விடுவது ஆபத்து என்று ராம்சே எழுதிக் கொடுத்தார். அதே ஆள் 1815இல் தெருவில் வைத்து அவரைச் சுட்டார். சுட்டவர் சித்தம் கலங்கியவர், அவர் மீது பழி சொல்லக் கூடாது என்று சாகும் தறுவாயில் ராம்சே சொன்னதாகப் பதிவு இருக்கிறது. மருத்துவராகவே செத்தார் மனிதர்.

ராம்சேயின் மனைவி மார்த்தாவின் வழியாக இன்னொரு கதைக்குப் போக வேண்டும், அது கல்லறைத் தோட்டத்துக்கு வெளியே நடந்தது என்றாலும். மார்த்தா குழந்தையாக இருந்தபோது பெரியம்மை கண்டது. செத்துவிட்டாள் என்று முடிவுகட்டி, அடக்கத்துக்காகத் திறந்த சன்னல் ஓரம் கிடத்தியிருந்தார்கள். காற்று பட்டதும் குழந்தைக்கு மூச்சு திரும்பியது. அவள் அப்பா ஹென்றி லாரன்ஸ் அதை வாழ்நாள் முழுக்க மறக்கவில்லை. உயிரோடு புதைக்கப்பட்டுவிடுவோமோ என்ற பயம் அவரைப் பிடித்துக்கொண்டது. தன் உடலைத் துணியில் சுற்றி எரிக்க வேண்டும், புதைக்கக் கூடாது என்று உயிலில் எழுதிவைத்தார். 1792 டிசம்பரில் அவர் இறந்தபோது அவருடைய மெப்கின் பண்ணையில் அப்படியே செய்தார்கள். அமெரிக்காவில் குடியேறிய ஐரோப்பியர்களிடையே முறைப்படி நடந்த முதல் தகனமாக அதைச் சொல்வார்கள். நமக்குத் தகனம் என்பது அன்றாடச் சங்கதி. அன்றைக்கு ஒரு கிறிஸ்தவ ஊரில் அது எவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கும் என்பதைக் கொஞ்சம் கற்பனை செய்துதான் பார்க்க வேண்டும்.

லாரன்ஸ் சாதாரண ஆளும் இல்லை. காலனிகளின் காங்கிரஸுக்கு 1777–78இல் தலைவராக இருந்தவர். 1780இல் ஹாலந்துக்குத் தூது போகும் வழியில் பிரிட்டிஷ் கப்பலிடம் மாட்டி, லண்டன் கோபுரத்தில் அடைபட்டார். ஓராண்டுக்கு மேல் சிறை. கடைசியில் அவருக்கு ஈடாக விடுவிக்கப்பட்டவர் யார் என்றால், யார்க்டவுனில் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ். ஆமாம், அதே காரன்வாலிஸ்தான். பிறகு இந்தியாவுக்குக் கவர்னர் ஜெனரலாக வந்து, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டுத் திப்பு சுல்தானின் இரண்டு பிள்ளைகளைப் பணயமாக வாங்கியவர். சென்னைக் கோட்டை அருங்காட்சியகத்தில் நிற்கும் சிலை அவருடையது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். லண்டன் கோபுரத்துக்கு அப்போது காவல் தலைவர் என்ற பட்டம் காரன்வாலிஸிடம் இருந்தது. அதாவது சிறைக்கு உரியவரும் சிறையில் இருந்தவரும் ஒருவருக்கொருவர் ஈடானார்கள்.

ஆனால் லாரன்ஸின் சொத்து எங்கிருந்து வந்தது? 1750களில் அவர் பங்குதாரராக இருந்த வணிக நிறுவனம் 8,000க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களை இந்த ஊரில் விற்றுக்கொடுத்துத் தரகு வாங்கியது. அவருடைய மகன் ஜான் லாரன்ஸ் அடிமைகளுக்கு விடுதலை கொடுத்துப் படையில் சேர்க்கலாம் என்று மன்றாடினார், சட்டமன்றம் ஏற்கவில்லை. 1782 ஆகஸ்டில், போர் முடியும் தறுவாயில், ஒரு சிறு மோதலில் ஜான் செத்துப்போனார். வயது 27.

இனி செயின்ட் பிலிப் தேவாலயம். சர்ச் தெருவில் நடந்து போனால், நேராகப் போகும் தெரு திடீரென்று வளைந்து இந்தக் கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு போவதைப் பார்க்கலாம். காலனிக் காலத்தில் இது அரசாங்கத் திருச்சபை. 1706ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்தச் சபையைச் சேர்ந்தவரானாலும் இதற்கு வரி கட்டியாக வேண்டும். வட்டத் தேவாலயத்துக்காரர்கள் உட்பட. 1778இல்தான் அந்த ஏற்பாடு ஒழிந்தது. இப்போதுள்ள கட்டடம் 1835இல் பழையது எரிந்த பிறகு எழுந்தது. கல்லறைகள் அதற்கும் முந்தியவை.

இங்கே கிடப்பவர்களில் காலத்தால் மூத்தவர்களில் ஒருவர் கர்னல் வில்லியம் ரெட். கடற்கொள்ளையர்கள் இந்தத் துறைமுகத்தை மிரட்டிக்கொண்டிருந்த 1718ஆம் ஆண்டில், இரண்டு கப்பலோடு போய் ஸ்டீட் பானட் என்ற கொள்ளைத் தலைவனைப் பிடித்து வந்தவர். பானட்டை அந்த டிசம்பரில் ஊரின் தென்முனையில் தூக்கிலிட்டார்கள். பிடித்தவருக்குத் தேவாலய நிலம் கிடைத்தது. தூக்கிலிடப்பட்ட கொள்ளையர்களைச் சதுப்பில், கடல் ஏறி இறங்கும் கோட்டுக்குக் கீழே புதைத்தார்கள். எந்த மண்ணில் யாரைப் புதைப்பது என்பதை இந்த ஊர் அன்றைக்கே மிகக் கவனமாகப் பிரித்துவைத்திருந்தது.

எட்வர்ட் ரட்லெட்ஜின் கல்லறையும் இங்கேதான். விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட 56 பேரில் வயதில் இளையவர், 26. சுவாரசியம் என்னவென்றால், 1776 ஜூலை 1ஆம் தேதி தென் கரோலினா விடுதலைக்கு எதிராக வாக்களித்தது. ஒருமனதாக இருக்கட்டும் என்று மறுநாள் மாற்றி வாக்களிக்க வைத்தவர் ரட்லெட்ஜ். அதே ஆள்தான் முந்தைய ஆண்டு, வாஷிங்டனின் படையிலிருந்து கறுப்பினத்தவர் அத்தனை பேரையும் நீக்க வேண்டும் என்று காங்கிரஸில் தீர்மானம் கொண்டுவந்தவர். அது தோற்றது.

அப்புறம் காட்ஸ்டன். கிறிஸ்டோபர் காட்ஸ்டன் பெயரைக் கேட்டிராதவர்கள் கூட அவருடைய கொடியைப் பார்த்திருப்பார்கள்: மஞ்சள் துணி, சுருண்டு கடிக்கத் தயாராக இருக்கும் கிலுகிலுப்பைப் பாம்பு, ‘என்னை மிதிக்காதே’ என்ற வரி. 1775இல் புதிய கடற்படையின் தளபதிக்காக அவர் கொடுத்தது. வெறும் கொடி கொடுத்தவர் மட்டும் அல்ல. 1780 மே 12ஆம் தேதி சார்ல்ஸ்டன் பிரிட்டிஷாரிடம் விழுந்தது. அந்தப் போரிலேயே அமெரிக்கர்களுக்கு மிகப் பெரிய தோல்வி. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கைதானார்கள். சில மாதம் கழித்து காரன்வாலிஸின் உத்தரவுப்படி ஊர்ப் பெரியவர்களைப் பிடித்து ஃப்ளாரிடாவில் உள்ள செயின்ட் அகஸ்டினுக்குக் கப்பலேற்றினார்கள். எட்வர்ட் ரட்லெட்ஜும் அதில் உண்டு. ஊர் விழுந்தபோது கொடுத்தது போல, எதிர்த்து நடக்க மாட்டோம் என்று மறுபடி வாக்குறுதி எழுதிக் கொடுத்தால் அங்கே ஊருக்குள் நடமாடலாம் என்றபோது மற்றவர்கள் கொடுத்தார்கள். முதல் வாக்குறுதியை மீறியது நீங்கள், இரண்டாவது எதற்கு என்று காட்ஸ்டன் மறுத்தார். 56 வயதில், கோட்டை நிலவறையில் 42 வாரம் தனியாகக் கிடந்தார்.

அந்த மனிதரின் கல்லறையைச் செயின்ட் பிலிப்பில் போய்த் தேடினால், இதுதான் என்று காட்ட ஒரு தலைக்கல் கிடைக்காது. 1805இல் இறந்த அவர், பெற்றோருக்குப் பக்கத்தில், அடையாளம் எதுவும் வைக்காமல் புதைக்கச் சொல்லிவிட்டார். பாஸ்டனிலிருந்து எந்தக் கல்லையும் வரவழைக்கும் அளவுக்கு வசதி இருந்தும் கல் வேண்டாம் என்றார். இதை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் அவர் பெயர் வேறு ஓர் இடத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது, அதற்குக் கொஞ்சம் பிறகு வருகிறேன்.

ஊரின் இன்னொரு பழைய ஆங்கிலத் தேவாலயம் செயின்ட் மைக்கேல். 1752இல் தொடங்கி 1761இல் கட்டி முடித்தது. 1791இல் ஜார்ஜ் வாஷிங்டன் வந்து உட்கார்ந்து வழிபட்ட அதே கட்டடம் இன்றும் நிற்கிறது. இதன் தோட்டத்தில்தான் நெடுங்காலம் ஒரு மரக் கல்லறைப் பலகை பிழைத்திருந்தது. 1770இல் இறந்த ஒரு பெண்ணுக்காக, கட்டில் தலைமாட்டைப் போலவே சைப்ரஸ் மரத்தில் செய்து நட்டது. தச்சு வேலையின் நேர்த்தியைப் பார்த்தால், வீட்டுக் கட்டிலையே கொண்டுவந்து நட்டது போல இருக்கும். முதலில் சொன்னேனே, பெரும்பாலோர் மரம்தான் நட்டார்கள் என்று. அவை எல்லாம் எப்படி இருந்திருக்கும் என்பதற்கு இந்த ஒன்று சாட்சி.

இங்கே உறங்குபவர்களில் ஜான் ரட்லெட்ஜ், எட்வர்டின் அண்ணன். போர்க்காலத்தில் ஆளுநராக, ஏறக்குறைய சர்வாதிகாரம் கொண்டு மாநிலத்தை நடத்தியவர். 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்க அரசியல் சட்டம் எழுதியபோது இவரும் கையெழுத்திட்டார். அடிமை வணிகத்தைப் பற்றிய விவாதத்தில், மதத்துக்கும் மனிதநேயத்துக்கும் இந்தக் கேள்வியோடு சம்பந்தமே இல்லை, நாடுகளை நடத்துவது ஆதாயம் ஒன்றுதான் என்று இவர் பேசியதை, அந்த மாநாட்டில் இருந்த ஜேம்ஸ் மேடிசன் தன் குறிப்புகளில் எழுதிவைத்திருக்கிறார். மனித வியாபாரத்தை இவ்வளவு வெளிப்படையாக ஆதரித்துப் பேசியவர்கள் அந்த மண்டபத்தில் அதிகம் இல்லை.

1795இல் வாஷிங்டன் இவரை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியாக நியமித்தார். அதே மாதம், பிரிட்டனோடு செய்த ஜே ஒப்பந்தத்தை எதிர்த்து ஊரில் கூடிய கூட்டத்தில் இவர் கொதித்துப் பேசினார். அந்தப் பேச்சே வினையாயிற்று. டிசம்பரில் செனட் 14க்கு 10 என்ற கணக்கில் நியமனத்தை நிராகரித்தது. மனைவியை இழந்து ஏற்கெனவே மனம் உடைந்திருந்த மனிதர், அந்தக் குளிர்காலத்தில் சார்ல்ஸ்டன் துறையில் தண்ணீருக்குள் இறங்கினார். அவரைப் பார்த்து இழுத்துக் காப்பாற்றியவர்கள் இரண்டு அடிமைகள். அதற்குப் பிறகு ஜான் ரட்லெட்ஜ் நாலரை வருஷம் வாழ்ந்து, 1800 ஜூலையில் இறந்தார். அவருக்குச் செயின்ட் மைக்கேலில் கல் இருக்கிறது. அந்த இரண்டு பேர் எங்கே புதைக்கப்பட்டார்கள் என்று சொல்ல ஒரு கல்லும் இல்லை.

அதே தோட்டத்தில் சார்ல்ஸ் கோட்ஸ்வொர்த் பிங்க்னி. பிரெஞ்சு அரசு லஞ்சம் கேட்டபோது ஆறு பென்னி கூடத் தர முடியாது என்று சொன்னதற்காகப் பேர்போனவர். இரண்டு முறை குடியரசுத் தலைவர் தேர்தலில் நின்று தோற்றவர். கரோலினாவில் அவுரி சாகுபடியை நிலைநிறுத்திய எலைசா லூக்கஸ் பிங்க்னியின் மகன். (அந்த அம்மாள் இங்கே இல்லை. வைத்தியத்துக்காகப் போன இடத்தில், 1793இல், ஃபிலடெல்ஃபியாவில் இறந்தார். சவப்பெட்டி தாங்கியவர்களில் வாஷிங்டனும் ஒருவர்.) 1787 மாநாட்டில், அடிமைகளைக் கொண்டுவருவதை மத்திய அரசு 1800 வரை தடுக்கக் கூடாது என்ற சமரசம் மேசைக்கு வந்தபோது, அதை 1808 ஆக்குங்கள் என்று திருத்தம் கொண்டுவந்தவர் இந்தப் பிங்க்னிதான். நிறைவேறியது. ஒரு எண்ணை மாற்றியதுதான். எட்டு வருஷம்.

அந்த எட்டு வருஷம் என்ன செய்தது என்று பார்க்கத்தான் காட்ஸ்டனிடம் திரும்ப வேண்டும். கூப்பர் ஆற்றங்கரையில் அவர் கட்டிய பெரிய கப்பல் துறைக்குக் காட்ஸ்டன் துறை என்றே பெயர். தென் கரோலினா 1803 கடைசியில் அடிமை இறக்குமதியை மறுபடி திறந்துவிட்டது. 1808இல் தடை வருவதற்குள் முடிந்தவரை கொண்டுவந்துவிட வேண்டும் என்ற வெறியில், அந்த நாலு வருஷத்தில் மட்டும் ஏறக்குறைய 40,000 பேர் இந்த ஊரில் இறக்கப்பட்டார்கள். காட்ஸ்டன் இறந்த மறு ஆண்டு, 1806இல், அடிமைக் கப்பல்கள் இந்தத் துறையில்தான் சேர வேண்டும் என்று நகரசபை சட்டமும் போட்டது. நல்ல விலை வரட்டும் என்று காத்திருந்த வியாபாரிகள் ஆட்களைக் கிடங்குகளில் அடைத்து வைத்திருக்க, குளிரிலும் நோயிலும் பலர் அங்கேயே செத்தார்கள். 2023 ஜூனில் திறந்த சர்வதேச ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகம் நிற்பது அந்தத் துறையின் மேல்தான்.

செத்தவர்களை எங்கே புதைத்தார்கள்? ஊரின் ஓரத்தில் ஒதுக்கப்பட்ட காலி நிலங்களில். பெயர்ப் பலகை இருந்தாலும் மரம்தான், அதுவும் போய்விட்டது. அடிமையாக இல்லாத, சொந்தத் தொழில் செய்த கலப்பினத்தவருக்கும் இதே கதி. செயின்ட் பிலிப்பில் ஞானஸ்நானம் பெறலாம், திருமணம் செய்யலாம். தோட்டத்தில் இடம் கிடையாது. அந்தச் சபையைச் சேர்ந்த ஐந்து பேர் 1790இல் கூடி, ‘பிரவுன் ஃபெலோஷிப்’ என்ற சங்கத்தைத் தொடங்கியதற்கு முக்கியமான காரணமே இதுதான்: தங்கள் பிணத்தைப் புதைக்கத் தங்களுக்கென்று ஒரு நிலம். அவர்களும் நிறம் இன்னும் கறுத்தவர்களைச் சேர்க்கவில்லை. 1843இல் அப்படி ஒதுக்கப்பட்டவர்கள் தனிச் சங்கம் வைத்து, பக்கத்திலேயே தனி நிலம் வாங்கினார்கள். இன்றைக்கு அந்த மண்ணில் நிற்பது ஒரு கல்லூரி நூலகம், ஓரமாக ஒரு நினைவுச்சின்னத்தோடு.

2013இல் ஆன்சன் தெருவில், பழைய கலையரங்கத்தை இடித்துப் புதிதாகக் கட்டத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. மொத்தம் 36 பேர். பெரியவர்கள், குழந்தைகள். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பாதியில் புதைக்கப்பட்டவர்கள், அதாவது ரட்லெட்ஜ் சகோதரர்களின் காலம். பல்லில் தங்கிய வேதிப்பொருள்களைச் சோதித்ததில், சிலர் ஆப்பிரிக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள், மற்றவர்கள் இந்த ஊர்ப் பக்கமே பிறந்தவர்கள் என்று தெரிந்தது. ஒருவரின் தாய்வழி அமெரிக்கப் பழங்குடியினருடையது.

இந்தச் செய்தியில் என்னை மிகவும் தொட்டது அடுத்து நடந்ததுதான். ஊரின் கறுப்பின மக்கள் கூட்டம் கூட்டமாகப் பேசி, இவர்களை எண்களால் கூப்பிடக் கூடாது என்று முடிவெடுத்தார்கள். 2019 ஏப்ரலில், மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா மரபைச் சேர்ந்த பூசாரி ஒருவர் 36 பேருக்கும் ஒவ்வொரு பெயராகச் சூட்டினார். ஆய்வில் தெரிந்த வயதையும் பிறந்த இடத்தையும் பார்த்து, அதற்குப் பொருத்தமான ஆப்பிரிக்கப் பெயர்கள். அடுத்த மாதம் தெரு வழியாக ஊர்வலமாகக் கொண்டுபோய், எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி புதைத்தார்கள். செயின்ட் பிலிப்பின் கோபுரம் அங்கிருந்து சில தெருக்கள் தள்ளி இருக்கிறது.